மோயாமோயா: நன்றாக இருக்கும்போதே மூளை பைபாஸ் செய்ய வேண்டுமா?

தண்டையார்பேட்டை அக்கா:
என் வீட்டுக்காரருக்கு 41 வயது, காசிமேட்டில் மீன் ஏலத்தில் வேலை. போன மாதம் பேசிக்கொண்டிருக்கும்போதே வாய் குழறி வலது கை தொங்கிப்போனது, கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிட்டது. ஆஞ்சியோ பார்த்துவிட்டு இரண்டு பக்கமும் மோயாமோயா என்கிறார்கள். இடது பக்கம் முதலில் பைபாஸ், சில மாதம் கழித்து வலது பக்கமாம். அவரோ வேலைக்குப் போகிறேன் என்று அடம்பிடிக்கிறார். நல்லா நடமாடுகிற மனுஷன் மண்டையை எதற்குத் திறக்க வேண்டும், மாத்திரையிலேயே ஓட்ட முடியாதா என்று மாமியார் கேட்கிறார். என்ன சொல்வது?

வியாசர்பாடி தம்பி:
அக்கா, நான் இரண்டு பக்கமும் செய்துகொண்டவன். மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் மெல்ல மெல்லச் சுருங்கிக்கொண்டே வரும் நோய் இது, அதை நிறுத்த மாத்திரை கிடையாது. ஆஸ்பிரின் ரத்தம் கட்டாமல் பார்த்துக்கொள்ளும், ஆனால் ரத்தத்தைக் கூட்டாது. பைபாஸும் நோயைத் தீர்க்காது, ரத்தத்துக்கு வேறு வழி போட்டுக் கொடுக்கும். காதுக்கு முன்னால் தொட்டால் துடிக்கிறதே, அந்தக் குழாயை மூளையின் மேல்புறக் குழாயோடு மைக்ரோஸ்கோப் வைத்து, தலைமுடியை விட மெல்லிய நூலால் தைக்கிறார்கள். வந்துபோன அந்தக் குழறல் ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

எண்ணூர்க்காரர்:
எல்லோருக்கும் கத்தி வேண்டும் என்று சொல்லாதீர்கள் தம்பி. என் அண்ணனுக்கு வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்தபோது தெரிந்தது, அறிகுறி ஒன்றுமில்லை, ரத்த ஓட்டமும் போதுமாக இருக்கிறது, எம்ஆர்ஐ எடுத்துக் கண்காணிக்கிறார்கள்.

ராயபுரம் நர்ஸ் (நியூரோ ஐசியூ):
உங்கள் அண்ணனுக்கு அது சரி. இவருக்கு அறிகுறி வந்துவிட்டது, அதுதான் வித்தியாசம். அக்கா, மூளைக்கு எவ்வளவு ரத்தம் போகிறது என்று காட்டும் பர்ஃபியூஷன் ஸ்கேனோ ஸ்பெக்ட்டோ எடுத்தார்களா, எந்தப் பக்கம் ரத்தம் எவ்வளவு குறைவு என்று டாக்டரிடம் கேளுங்கள், முடிவு அதில்தான் இருக்கிறது. ஜப்பானில் 80 பெரியவர்களை வைத்து நடத்தி 2014இல் வெளியான ஆய்வில், 5 வருடத்தில் மறுபடி ரத்தக்கசிவு பைபாஸ் செய்தவர்களுக்கு 11.9 சதவீதம், செய்யாதவர்களுக்கு 31.6. ஆனால் அவர்கள் ஏற்கெனவே மூளையில் ரத்தம் கசிந்தவர்கள், உங்கள் வீட்டுக்காரருக்கு ரத்தம் போதாமல் வந்தது, அந்தக் கணக்கை அப்படியே இவர்மேல் போடக்கூடாது.

குழந்தைகளுக்குத் தசையை மூளைமேல் வைத்துவிட்டால் போதும், புதுக்குழாய் தானே நன்றாக வளரும். பெரியவர்களுக்கு அதை அந்த அளவுக்கு நம்ப முடியாது, மாதக்கணக்கிலும் ஆகும், அதனால்தான் நேரடியாகத் தைக்கிறார்கள், பல இடங்களில் இரண்டையும் சேர்த்தே செய்கிறார்கள். ஆபத்தும் உண்டு, மறைக்க மாட்டேன். ஆபரேஷனின்போதோ அடுத்த நாட்களிலோ பக்கவாதம் வரலாம். ரத்தத்துக்குப் பழகாத இடத்தில் திடீரென்று நிறையப் பாய்ந்தால் பேச்சுக் குழறல், வலிப்பு, சில சமயம் கசிவு கூட வரும், அதனால் பிரஷரை ஏறவும் விடாமல் இறங்கவும் விடாமல் பிடித்து வைப்போம். இந்த நோய்க்கே எத்தனை பைபாஸ் செய்திருக்கிறீர்கள் என்று சர்ஜனை நேராகக் கேளுங்கள், தப்பே இல்லை.

தண்டையார்பேட்டை அக்கா:
இதுவரை யாரும் இப்படி விளக்கவில்லை. அதுவரைக்கும் வீட்டில் என்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?

ராயபுரம் நர்ஸ்:
தண்ணீர். துறைமுக வெயிலில் வியர்த்துக்கொண்டு குடிக்காமல் நின்றால் மூளைக்குப் போகும் ரத்தம் இன்னும் குறையும். விரதம் வேண்டாம், கபாலபாதி மாதிரி வேக மூச்சுப் பயிற்சியும் வேண்டாம். பிரஷர் மாத்திரையை நீங்களாகக் கூட்டிக் குறைக்காதீர்கள். ஆபரேஷனுக்கு முன் வெறும் வயிற்றில் இருக்கும் நேரம் டிரிப் ஏற்றுவார்களா என்று கேட்டுவிடுங்கள். திரும்பக் குழறினால், சரியாகிவிட்டாலும், 108ஐக் கூப்பிடுங்கள்.

வியாசர்பாடி தம்பி:
அப்புறம், தைத்த பக்கம் கண்ணாடிக் காம்போ ஹெல்மெட்டோ அழுத்தக்கூடாது அக்கா. முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால் அட்மிஷனுக்கு முன்பே கவுண்டரில் காட்டிக் கேளுங்கள்.