விரல் மடங்காம கீபோர்டு வாசிக்கிறவங்க யாராச்சும் இருக்கீங்களா?

வணக்கம், ரங்கூன்ல இருந்து எழுதுறேன். கோயில் திருவிழா, கல்யாணம்னு வாசிச்சு, சொந்தமா மெட்டு போட்டு வீட்லயே ரெக்கார்டு பண்றவன், கம்பெனி கிம்பெனி எதுவும் இல்ல. ரெண்டு வருஷமா முடக்குவாதம், காலைல எந்திரிச்சா ஒரு மணி நேரத்துக்கு மேல விரல் மடங்காது, சாயங்காலம் கொஞ்சம் பரவால்ல, அதனால காலை முகூர்த்தம் எல்லாம் விட்டுட்டேன், வருமானம் பாதியாச்சு. இதுக்கு சாப்பிடுற மெத்தோட்ரெக்சேட் மாத்திரைய வாரத்துல ஒரே நாள்தான் போடணும் (எங்க அத்தை தெரியாம தினமும் எடுத்து வச்சிட்டாங்க, நல்லவேளை பாத்துட்டேன், தினம் போட்டா உயிருக்கே ஆபத்து). கரண்ட் வர்ற நேரம் கை வராது, கை வர்ற நேரம் கரண்ட் இருக்காது. காசு கேக்கல. இங்க பர்மாவுல பெகு, மோல்மேன் பக்கம் லேசா அமுக்குனாலே போதுங்கிற மாதிரி பழைய கீபோர்டு யாருகிட்டயாச்சும் இருக்கா? இந்த மாத்திரை சாப்பிட்டுட்டே வாசிக்கிறவங்க, கச்சேரிக்கு முன்னாடி கைய எப்படி தயார் பண்றீங்கன்னும் சொல்லுங்கண்ணே.