பெர்க்லி–ஸ்டான்ஃபோர்ட் கோடாலி: யார் சொல்வது சரி?

ஃப்ரீமான்ட்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். என் பெண் இந்த வருடம் பெர்க்லியில் சேர்ந்திருக்கிறாள். மச்சினன் பையன் ஸ்டான்ஃபோர்டில் மூன்றாம் வருடம். தீபாவளிக்கு எல்லாரும் எங்கள் வீட்டில் கூடினோம். அதிரசத்தைத் தட்டில் வைக்கும்வரை ஒழுங்காகத்தான் இருந்தார்கள். பிக் கேம், அதாவது இந்த இரண்டு பல்கலைக்கழகமும் வருடா வருடம் மோதும் அமெரிக்க ஃபுட்பால் மேட்ச், அதைப் பற்றிப் பேச்சு வந்தது, அவ்வளவுதான்.

அந்த மேட்சில் ஜெயிக்கிறவர்களுக்கு ஒரு கோடாலி கிடைக்குமாம். "அது எங்கள் கோடாலி, நீங்கள் திருடியது" என்கிறான் அவன். "ஃபுட்பாலில் ஜெயித்து வாங்கினோம்" என்கிறாள் இவள். முதல் மேட்சுக்கு யாரும் பந்தே கொண்டுவரவில்லை என்று வேறு சொன்னான். கதை விடுகிறானா? எனக்கு கிரிக்கெட் தவிர ஒரு ஆட்டமும் தெரியாது. நவம்பரில் மேட்சுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போகப் போகிறார்கள். அதற்குள் ஆரம்ப காலக் கதையை யாராவது சொன்னால் புண்ணியமாகப் போகும்.

காந்திபுரத்தான்:

பந்து இல்லாத கதை நிஜம்தான். பிற்பாடு அமெரிக்க ஜனாதிபதியான ஹூவர் அப்போது ஸ்டான்ஃபோர்டில் மாணவர். ஏற்பாடு செய்தவர்களில் அவரும் ஒருவர். கோடாலி முதல் மேட்சிலிருந்தே கோப்பையாக இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பதினாறாம்தெரு:

காந்திபுரத்தான் தம்பி, முதல் பாதி சரி. கோடாலி விஷயம் அப்படியில்லை. நான் சான் ஃப்ரான்சிஸ்கோவில் 16ஆவது தெருப் பக்கம் பதினோரு வருடம் வேலை பார்த்தவன். மத்தியானம் டப்பாவில் கொண்டுபோன தயிர்சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு ஃபோல்சம் தெரு முனைவரை நடப்பேன். இந்தக் கதையில் பாதி நடந்தது அந்த முனையில்தான் என்று வேலையை விட்ட பிறகுதான் தெரிந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் மேட்ச் 1892 மார்ச் 19. சான் ஃப்ரான்சிஸ்கோவின் ஹெய்ட் தெரு மைதானம். பெர்க்லி 1868இல் தொடங்கிய பல்கலைக்கழகம். ஸ்டான்ஃபோர்ட் கதவு திறந்ததே 1891 அக்டோபரில், அதாவது ஆறு மாதம்கூட ஆகவில்லை. அந்தக் கைக்குழந்தை 14–10 என்று ஜெயித்துவிட்டது. டிக்கெட் அச்சடித்தது பத்தாயிரம், வந்த கூட்டம் இருபதாயிரம் என்பார்கள். நோட்டு அதிகம் புழங்காத ஊர், எல்லாம் வெள்ளியும் தங்கமுமான நாணயம். வாங்கிப் போட இடமில்லாமல் கையில் கிடைத்த சட்டி, பாத்திரத்தில் எல்லாம் வசூல் செய்தார்களாம். ஆட்டக்காரர்கள் உடுப்பு மாட்டிக்கொண்டு இறங்கிய பிறகுதான் பந்து இல்லை என்று தெரிந்து, ஆள் அனுப்பி வாங்கிவரச் செய்திருக்கிறார்கள். அதுவரை கூட்டம் காத்திருந்தது. இதெல்லாம் ஹூவர் வயதான காலத்தில் சொன்ன கல்லூரிக் கதை. நம் தாத்தாக்கள் சொல்லும் கல்யாணக் கூட்டக் கணக்கு மாதிரி அந்த இருபதாயிரத்தில் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

அந்த வருடமே டிசம்பரில் இரண்டாவது மேட்ச், 10–10. ஸ்டான்ஃபோர்டுக்குப் பயிற்சி கொடுத்தவர் வால்டர் கேம்ப். இந்த ஆட்டத்தின் விதிகளை உருவாக்கியவர் என்று கொண்டாடப்படுகிறவர். எதிர்ப்பக்கம் பெர்க்லிக்குப் பயிற்சி கொடுத்தவர் லீ மெக்லங். இரண்டு பேருமே கிழக்கிலிருந்து வந்த யேல் பல்கலைக்கழக ஆட்கள். அப்புறம் 1897வரை பெர்க்லிக்கு ஒரு வெற்றிகூட இல்லை. ஏழு மேட்சில் நான்கு தோல்வி, மூன்று சமன். உங்கள் பெண்ணிடம் இதை மெதுவாகச் சொல்லுங்கள்.

1898இல்தான் திருப்பம். நகர மேயர் ஜேம்ஸ் ஃபீலன் ஒரு வெண்கலச் சிலையைப் பரிசாக வைத்தார். டக்ளஸ் டில்டன் என்ற காது கேளாத சிற்பி செய்தது. ஃபுட்பாலில் ஜெயிப்பவருக்குச் சிலை என்று பேச்சு. பெர்க்லி 22–0, அடுத்த வருடம் 30–0 என்று இரண்டு வருடம் தொடர்ந்து அடித்து வாங்கிக்கொண்டது. ஃபுட்பாலில் ஜெயித்து வாங்கியது என்று உங்கள் பெண் சொல்ல வேண்டியது இந்தச் சிலையைத்தான்.

இனி கோடாலி. அது வந்தது ஃபுட்பாலிலிருந்தே அல்ல, பேஸ்பாலிலிருந்து! 1899 ஏப்ரல். ஸ்டான்ஃபோர்ட் பையன்கள் மரம் வெட்டுகிற கோடாலி ஒன்றை வாங்கி, பெர்க்லியின் நீல, தங்க நிறத்தில் உடுத்திய வைக்கோல் பொம்மையின் தலையைக் கூட்டத்தில் வெட்டினார்கள். இரண்டு நாள் கழித்து, 15ஆம் தேதி, பேஸ்பால் மேட்ச். இடம் 16ஆவது தெருவும் ஃபோல்சமும். தங்கள் ஆட்கள் நன்றாக ஆடும்போதெல்லாம் நீல, தங்க ரிப்பனைக் கோடாலியால் துண்டு போட்டுக் கூச்சல். இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் ஜெயித்தது பெர்க்லி. ஜெயித்ததோடு நிற்காமல் கோடாலியையும் பிடுங்கிக்கொண்டு ஓட்டம் பிடித்தார்கள். பின்னால் ஸ்டான்ஃபோர்ட் கூட்டம், அதற்கும் பின்னால் போலீஸ். வழியில் ஒரு கறிக்கடையில் பிடியை அறுத்து எறிந்தார்கள். வளைகுடாவுக்கு அப்போது பாலம் கிடையாது, படகு ஏறித்தான் பெர்க்லி போக வேண்டும். படகுத்துறையில் சோதனை. ஓவர்கோட் போட்டிருந்த ஒருவர் இரும்பை உள்ளே ஒளித்துக்கொண்டு, தெரிந்த பெண் ஒருத்தி தென்பட, அவளுக்குத் துணை போகிறவர் மாதிரி ஏறிவிட்டார் என்பது பெர்க்லிக்காரர்கள் சொல்வது. ஆக, மச்சினன் பையன் சொன்ன திருட்டு நிஜம்.

ஆனால் அவனும் ரொம்பத் துள்ள வேண்டாம். 31 வருடம் பெர்க்லி அதை வங்கிப் பெட்டகத்தில் பூட்டி வைத்து, வருடத்துக்கு ஒரு தரம் கூட்டத்தில் காட்டிவிட்டு மறுபடி பூட்டியது. 1930 ஏப்ரலில் 21 ஸ்டான்ஃபோர்ட் மாணவர்கள் பத்திரிகைப் புகைப்படக்காரர் வேஷத்தில் வந்தார்கள். வங்கி வாசலில் ஃப்ளாஷ் வெளிச்சத்தில் கண் கூச வைத்து, கண்ணீர்ப்புகை போட்டு, கோடாலியோடு காரில் பறந்தார்கள். இரண்டு பக்கமும் திருடியாயிற்று. 1933இல் தான் சமாதானம் பேசி, மேட்சில் ஜெயிப்பவருக்கு என்று முடிவு செய்தார்கள். கோப்பை ஆனது அப்போதுதான்.

அந்த ஃபோல்சம் முனையில் இன்னொன்றும் நடந்தது. 1900 நவம்பர் 29, தேங்க்ஸ்கிவிங் நாள், பிக் கேம். டிக்கெட்டுக்குக் காசில்லாத ஜனம், பெரும்பாலும் சிறு பையன்கள், எதிரே இருந்த கண்ணாடித் தொழிற்சாலையின் கூரையில் நூற்றுக்கணக்கில் ஏறி நின்றார்கள். புதுக் கட்டடம். கீழே உலை எரிந்துகொண்டிருந்தது. ஆட்டம் தொடங்கிச் சுமார் இருபது நிமிடத்தில் கூரை இடிந்துவிட்டது. பல பேர் நேராக உலையின் மேல் விழுந்தார்கள். 23 பேர் செத்தார்கள். மைதானத்தில் இருந்தவர்கள் பலருக்கு விஷயமே தெரியாது, ஆட்டம் நிற்கவில்லை. 5–0, ஸ்டான்ஃபோர்ட். ஒரே ஒரு ஃபீல்ட் கோல், அதாவது பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது, அன்றைக்கு அதற்கு ஐந்து புள்ளி.

பத்து வயதில் நான் எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸ் கீற்று வேலியில் ஓட்டை போட்டுப் படம் பார்த்தவன். அதனால்தானோ என்னவோ, கோடாலிக் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிற எனக்கு இதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிடுகிறது. இரண்டு வளாகத்திலும் மாணவர் வழிகாட்டியோடு சுற்றிப் பார்த்திருக்கிறேன். கோடாலி பற்றிப் பத்து நிமிடம் பேசினார்கள். கூரை பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

ரக்பிப்பித்து:

ஐயா பிரமாதம். நீங்கள் விட்ட ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். 1906 முதல் 1914 வரை பிக் கேம் ஃபுட்பாலே இல்லை, ரக்பி! அந்தக் கால ஃபுட்பாலில் அடிபட்டுச் செத்தவர்கள் அதிகம். 1905இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே கல்லூரிகளைக் கூப்பிட்டுப் பேசினார். கிழக்கே விதிகளை மாற்றினார்கள். இங்கே ஆட்டத்தையே மாற்றிவிட்டார்கள். 1915இல் பெர்க்லி ஃபுட்பாலுக்குத் திரும்ப, ஸ்டான்ஃபோர்ட் ரக்பியை விடமாட்டேன் என்று நிற்க, சண்டை முற்றி உறவே அறுந்தது. மறுபடி முறையாக மோதியது 1919இல்தான். அப்போது 14–10, ஆனால் இந்த முறை பெர்க்லிக்கு.

இதில் ஒரு லாபம். 1920 ஆன்ட்வெர்ப், 1924 பாரிஸ் ஒலிம்பிக் இரண்டிலும் ரக்பித் தங்கம் அமெரிக்காவுக்கு. ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் இந்தக் கலிஃபோர்னியா கல்லூரிகளில் ரக்பி பழகியவர்கள். ஃப்ரான்சை அதன் சொந்த ஊரிலேயே 17–3 என்று அடித்தார்கள். பதினைந்து பேர் ஆடும் ரக்பி அதற்கப்புறம் ஒலிம்பிக்கில் இல்லை, அந்தக் கணக்கில் இன்றைக்கும் சாம்பியன் அமெரிக்காதான்!

ஃப்ரீமான்ட்வாசி:

ஐயா, தம்பிகளா, ரொம்ப நன்றி. இரண்டு பேருக்கும் அப்படியே அனுப்பினேன். பையன் "பார்த்தீர்களா, திருட்டு" என்று ஒரு வரி போட்டான், 1930ஐப் பற்றிப் பேச்சில்லை. பெண் நேற்று ராத்திரி ஃபோன் செய்து அந்தக் கூரையைப் பற்றித்தான் கேட்டாள். சிலை எங்கே இருக்கிறது? தினம் அந்தப் பக்கம்தான் வகுப்புக்குப் போகிறாளாம், பார்த்ததே இல்லை என்கிறாள்.

பதினாறாம்தெரு:

வளாகத்தின் மேற்குப் பக்கம், லைஃப் சயின்சஸ் கட்டடத்தைத் தாண்டினால் மரங்களுக்கு நடுவே. ஒருவன் நிற்கிறான், இன்னொருவன் மண்டியிட்டு அவன் காலுக்குக் கட்டுப் போடுகிறான். மழைநாளில் போகச் சொல்லாதீர்கள், வழி வழுக்கும். நான் ஒரு தடவை விழுந்தேன்.