ஆண் துறவியும் பெண் துறவியும் ஒரே குழுமத்தில்: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

லாசப்பல்வாசி:
பாரிஸ் சேன் ஜெர்வே கோயில், மாலைச் செபம். மாமியையும் கூட்டிப் போயிருந்தேன். வெள்ளை அங்கியில் பிரதர்மார் ஒரு பக்கம், சிஸ்டர்மார் மறுபக்கம், தரையில் முழந்தாளிட்டுத் திருப்பாடல் பாடுகிறார்கள். மாமி குனிந்து, "இவையள் எல்லாரும் ஒரே வீட்டிலயா பிள்ளை இருக்கினம்?" என்றார். மெதுவாகக் கேட்டதாக அவருக்கு நினைப்பு. பாடிக்கொண்டிருந்த ஒரு சிஸ்டர் சட்டென்று தலை நிமிர்ந்தார். நம் ஊர் முகம். சிரிப்பை அடக்கியது உதட்டில் தெரிந்தது. செபம் முடிந்ததும் தேடினேன், ஆளைக் காணவில்லை.

மெழுகுதிரி:
ஒரே வீடு இல்லை. அது எருசலேம் குழுமம், 1975இல் பியேர்-மரி தெல்ஃபியூ தொடங்கியது. ஆண்களுக்கு ஒரு சபை, பெண்களுக்கு ஒரு சபை, வழிபாடு மட்டும் சேர்ந்து. அரைநேர வேலைக்குப் போய், அந்தச் சம்பளத்தில்தான் பிழைப்பு. பிரான்ஸில் கடல் நடுவே பாறைமேல் இருக்கும் மோன் சேன் மிஷெல் மடத்துக்கும் 2001இல் வந்தார்கள். அங்கே பூசைக்கு முன் ஒரு சிஸ்டர் கோயில் நடுவே தொங்கும் மணிக்கயிற்றை இழுத்தார். கயிறு மேலே போகும்போது அவருடைய குதிகாலும் கூடவே எழும்பியது. பூசை எல்லாம் மறந்துவிட்டது, அது மறக்கவில்லை.

தூத்துக்குடிக்காரன்:
அப்போது அது சேர்ந்து வாழ்வதே இல்லையே, மெழுகுதிரி. இத்தாலியில் போஸே என்ற துறவிக் குழுமத்தைப் போய்ப் பாருங்கள். 1965இல் என்ஸோ பியாங்கி ஆரம்பித்தது. கத்தோலிக்கரோடு மற்றக் கிறிஸ்தவப் பிரிவினரும் உண்டு, ஆணும் பெண்ணும் ஒரே குழுமம், ஒரே பந்தி. நான் போனபோது ஒரு பிரதர் தட்டு கழுவிக்கொண்டிருந்தார். சிஸ்டர் ஒருவர் வந்து, அடுக்கிலிருந்து ஒரு தட்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார், திரும்பத் தொட்டியில் போட்டுவிட்டுப் போனார். அவரும் வாய் திறக்காமல் மறுபடி கழுவினார். எங்கள் வீட்டில் என்றால் சண்டைதான்.

பழைய உபதேசியார்:
பிரான்ஸின் ஃபோந்தெவ்ரோ மடத்தில் அந்தக்கால இங்கிலாந்து ராணி எலெயனோர் கல்லறைமேல் படுத்தபடி புத்தகம் வாசிக்கும் சிலையைப் பார்த்தேன். என் கதை அவ்வளவுதான். ஆனால் சேர நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரே வீடா, தனி வீடா என்பதை விடுங்கள், அதிகாரம் யார் கையில் என்று கேளுங்கள். 1101இல் ரொபேர் ஆர்பிரிசெல் நிறுவிய அந்த மடத்தில் ஆண் துறவிகளும் மடத்தலைவிக்குத்தான் கீழ்ப்படிந்தார்கள், பிரெஞ்சுப் புரட்சி வரை! சரி, தம்பி புகழும் போஸேயில் என்ன ஆனது? 2020இல் நிறுவனரையே வெளியேறச் சொன்னது வத்திக்கான். ஆண் பெண் விவகாரம் இல்லை, அதிகாரத்தை நடத்திய விதம். அதனால் முதலில் விருந்தாளியாகத் தங்குங்கள். யார் பேசும்போது மற்றவர்கள் வாயை மூடுகிறார்கள் என்று கவனியுங்கள். வார்த்தைப்பாடு, அதாவது துறவற வாக்குறுதி, கொடுக்குமுன் அந்தக் குழுமத்தில் இல்லாத ஒரு சாமியாரிடம் பேசுங்கள். அப்புறம், வீட்டுக்குப் போன் பேசத் தடை போட்டால்...

மெழுகுதிரி:
ஐயா, இங்கே சேரப்போவது யார்?

தூத்துக்குடிக்காரன்:
நிறுவனர் போனதோடு போஸே கலைந்துவிடவில்லை. 2022இல் சபீனோ கியாலாவைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.