வெள்ளம் தடுக்கக் கட்டிய மண் அணைகளில் நின்றவர்கள், கண்டதை எழுதுங்கள்

வவுணதீவான்

2011 ஜனவரி மழையைப் பற்றி இங்கே, மட்டக்களப்புப் பக்கம், யாருக்கும் சொல்லத் தேவையில்லை. எங்கள் வயல் வட்டைக்கு மேலே காட்டோடையை மறித்து ஒரு சின்ன மண் அணை இருந்தது. குளமில்லை. அடியில் கதவில்லாத ஒரு கொங்கிரீட் குழாய். வெள்ளத்தைச் சில நாள் மறித்து, மெல்ல மெல்லக் கீழே விடுவதற்காகவே கட்டியது.

அன்று இரவு தண்ணீர் கட்டின் விளிம்புக்கு ஒரு முழம் கீழே நின்றது. எல்லோரும் மேலே நின்று உரப்பைகளில் மண் நிரப்பி அடுக்கிக்கொண்டிருந்தோம். பெரியப்பா மட்டும் மேலே வரவில்லை. டோர்ச்சோடு வெளிப்பக்க அடிவாரத்தில் நடந்தார். குழாய்க்குப் பக்கத்தில், குழாயை ஒட்டிய மண்ணிலிருந்து தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. குனிந்து கையில் அள்ளினார். வெளிச்சத்தில் பார்த்தார், பிறகு விரல்களுக்கிடையே தேய்த்தார். "மண் வருது மனே. மூட்டைய விட்டுட்டு எல்லாரையும் இறங்கச் சொல்லு. பள்ளத்து வீடுகள எழுப்பு."

மேலே நின்றவர்களுக்குக் கோபம். இன்னும் ஒரு முழம் இருக்கிறதே என்றார்கள். பெரியப்பா வாதாடவில்லை, வீடுகளைத் தட்டப் போய்விட்டார். விடியுமுன் அதே இடத்தில் கட்டு உள்ளே இறங்கி உடைந்தது. ஆட்களுக்கு ஒன்றுமில்லை. வெள்ளாமை போனது. எத்தனை வருடம் போனாலும் அந்தக் கையளவு தண்ணீர் என் கண்ணை விட்டுப் போகவில்லை. நாங்கள் மேலே ஏறி வரும் வெள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம், அணை அடியால் கரைந்துகொண்டிருந்தது.

சித்தாண்டிக்காரன்

தம்பி, பெரியப்பா பெரிய மனிதர்தான். ஆனால் குழாய் அன்று திறந்து கிடந்ததா என்று நீங்கள் சொல்லவில்லையே? வெள்ளத் தண்ணீர் எப்படியும் கலங்கல்தான். அதை வைத்து என்ன முடிவெடுப்பது? இந்த மாதிரி அணைகளில் முதலில் பார்க்க வேண்டியது குழாய் வாயை.

எங்கள் பக்கத்து அணையில் சிறுபோகம் முடியும் காலத்தில் யாரோ குழாயை மரக்குற்றியும் மண் மூட்டையும் வைத்து அடைத்துவிட்டார்கள். மாட்டுக்கும் தோட்டத்துக்கும் தண்ணீர் வேண்டுமாம். மாரி தொடங்கியும் எடுக்கவில்லை. 2024 நவம்பர் மழை கொட்டியபோது அணையில் ஏற்கனவே பாதிக்கு மேல் தண்ணீர். வெறுமையாக இருக்க வேண்டிய அணை நிறைந்து கிடந்தால் வெள்ளத்தை எங்கே வைப்பது?

என் மச்சான் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு குற்றியை இழுக்க முழுகினான். நாங்கள் கரையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றோம். திடீரென்று கயிறு விறைத்து நேராகிவிட்டது. குற்றி கொஞ்சம் அசைந்ததும் குழாய் வாய் அவன் காலை இழுத்துப் பிடித்துவிட்டது. கத்தவும் முடியாது அவனுக்கு, தண்ணீருக்குள் இருக்கிறான். எல்லோரும் சேர்ந்து இழுத்துத்தான் மேலே கொண்டு வந்தோம். காலில் தோல் இல்லை. பிறகு மேலதிகத் தண்ணீர் வழிந்தோட விட்ட வான் பாய்ந்ததால்தான் கட்டு தப்பியது. யார் அடைத்தது என்று இன்றைக்கும் ஊரில் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

பழைய வட்டவிதானை

வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் விதானையாக இருந்தவன் நான். சித்தாண்டித் தம்பிக்கு ஒரு பதில். வெள்ளத் தண்ணீர் கலங்கல்தான், ஆனால் நல்ல கட்டுக்குள்ளால் ஊறி வெளியே வரும்போது மண் அதை வடித்துவிடும், தெளிவாகத்தான் வரும். வெளிப்பக்கத்தில் கலங்கி, விரலில் நறநறவென்று மண் பட்டால், கட்டின் உடம்பே கரைந்து வருகிறது. குழாயை ஒட்டிய மண்ணை இறுக்கிக் குற்றுவது கஷ்டம், அதனால் அந்த வழியால்தான் முதலில் போகும். பெரியப்பா சரியான இடத்தில்தான் குனிந்திருக்கிறார்.

நான் கண்டது சிறிது. 1957 வெள்ளத்தில் அப்பாவின் தோளில் இருந்து, வயல் வாடியின் கூரை மட்டும் தண்ணீரில் போவதைப் பார்த்தேன். அவ்வளவுதான்.

ஆனால் இப்போது அணை வைத்திருப்பவர்கள் இதையாவது செய்யுங்கள். புரட்டாதி முடியுமுன் கட்டு முழுவதும் நடந்து பாருங்கள், மேலே மட்டுமல்ல, இரண்டு பக்கச் சரிவும். பற்றையை வெட்டுங்கள், புல்லை விடுங்கள். கட்டின் மேல் மரம் வளர விடாதீர்கள். மரம் பட்டுப்போனால் வேர் உக்கி, அந்த வழியால் தண்ணீர் போகும். கறையான் புற்று, நண்டு வளை, எலி வளை எதையும் மேலால் மூடிவிட்டுப் போகாதீர்கள், தோண்டிக் களிமண் போட்டுக் குற்றுங்கள். யானை ஏறி இறங்கும் இடமும் உழவு இயந்திரத்தின் சில்லுத் தடமும் கட்டைத் தாழ்த்தும். வெள்ளம் கட்டைத் தாண்டினால் அந்தத் தாழ்ந்த இடத்தால்தான் தாண்டும். தண்ணீர் கொஞ்சம் கூடுதலாக நிற்கட்டும் என்று வானில் மூட்டை அடுக்குவதை விடுங்கள், அது கட்டை உடைக்கிற வேலை. அடிவாரத்தில் ஊற்றுக் கிளம்பினால் களியால் அடைக்காதீர்கள், வேறு இடத்தால் கிளம்பும். மணலைப் போட்டு, அதன் மேல் சரளைக் கல் போட்டு, சுற்றிவர மூட்டை அடுக்கித் தண்ணீரை வெளியே வர விடுங்கள். தண்ணீர் வரலாம், மண் வரக்கூடாது. அதற்குள் பள்ளத்து ஆட்களை எழுப்பிவிடுங்கள்.

சின்ன அணைதானே என்று நினைக்க வேண்டாம். பெரிய கட்டையும் நம்பி இருக்க வேண்டாம். கந்தளாய்க் குளக்கட்டு 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் உடைந்து நூற்றுக்கு மேல் ஆட்கள் செத்தார்கள். ஊர் தூங்கிய நேரம்.

சம்மாந்துறை மகள்

விதானை ஐயா சொன்னது எல்லாம் கட்டைப் பற்றி. கட்டுக்கு உள்ளே வயல் வைத்திருப்பவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. வெள்ளத்தை மறிக்கிறோம் என்றால் யாருடைய வயலிலோதான் மறிக்கிறோம்.

எங்கள் அணையில் ஒரு மழை இரவு மண்வெட்டிச் சத்தம் கேட்டது. வாப்பா டோர்ச்சை எடுத்துக்கொண்டு போனார், நானும் பின்னால் போனேன். மேல் வட்டை அண்ணன்மார் இரண்டு பேர் கட்டை வெட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் வாப்பாவோடு வருடக்கணக்காக ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சியவர்கள். அவர்கள் பயிர் தண்ணீருக்குள் தாழ்ந்து மூன்றாம் நாள். வாப்பா சத்தம் போடவில்லை. வெட்டிய இடத்தில் இறங்கி நின்றுகொண்டு, "மச்சான், கீழ என்ட மூத்த மகள்ட ஊடு இரிக்கி. இண்டைக்கு மட்டும் பொறுங்க" என்றார். அதில் ஒருவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு அழுதார். பிறகு வெட்டியவர்களே அந்த இடத்தை மூடினார்கள். வாப்பாவும் கூட நின்று மண் அள்ளினார்.

அவர்களுடைய வயல் முழுவதும் அழுகியது. எங்கள் ஊருக்குள் தண்ணீர் வரவில்லை. நட்டஈட்டுப் படிவத்தை எடுத்தவர்கள், "இது அணைக்குள் இருக்கிற காணி" என்று தள்ளிவிட்டார்கள். அணை என்று பேச்சு எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அண்ணன் அழுததுதான் வருகிறது. அவர் பொறுத்ததால் நாங்கள் தப்பினோம். அதற்கு அவருக்கு ஒரு மூட்டை விதைநெல்கூடக் கொடுக்கவில்லை.

கொக்கட்டிச்சோலை

மரத்தை வெட்டச் சொல்லும் விதானை ஐயாவுக்கு: கட்டின் மேல் நிற்பதை வெட்டலாம், சரி. கரையோரம், ஓடையோரம் நிற்கிற மருதமரத்தைத் தொடச் சொல்லாதீர்கள். எங்கள் பக்கம் "துப்புரவு" என்று பெக்கோ இயந்திரம் வந்து கரை முழுவதையும் வழித்துவிட்டது. அடுத்த மாரியில் கரை சரிந்து சரிந்து வயலுக்குள் வந்தது.

வவுணதீவான்

சித்தாண்டி அண்ணன் கேட்டதற்கு: குழாய் திறந்துதான் கிடந்தது. மச்சானின் கதையைப் படித்த பிறகு, எங்கள் புதிய கட்டின் குழாய் வாய்க்குக் கம்பிக்கூடு போட வேண்டும் என்று பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் கேட்கப் போகிறேன். குற்றி உள்ளே போகாது, ஆளும் போகமாட்டான். சம்மாந்துறைத் தங்கச்சி சொன்ன காணி விடயம் எங்களிடமும் உண்டு. மேல் பக்கத்தில் நான்கு குடும்பங்களின் வயல் தாழ்கிறது. அறுவடையில் அவர்களுக்குப் பள்ளத்துக்காரர் ஏக்கருக்கு எவ்வளவு நெல் கொடுப்பது என்று அதே கூட்டத்தில் பேசி எழுத வேண்டும். வேறு எங்காவது அப்படிக் கொடுக்கிறார்களா? கொடுத்தால் எந்தக் கணக்கில் என்று சொல்லுங்கள்.