பெட்டா குஞ்சு ‘சுதந்திரமாக’ நீந்துமா? ஒரு கலைச்சொல் விவாதம்

மடல் 1

அன்புள்ள நண்பர்களுக்கு,

வீட்டில் முதன்முதலாகப் பெட்டா என்னும் சண்டை மீனை இனப்பெருக்கம் செய்ய முனைவோருக்கான கையேட்டின் சொற்பட்டியல் முடியும் நிலையில் இருக்கிறது. ஹீட்டர், ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஏர் பம்ப் போன்றவற்றை மீன் வளர்ப்போர் சொல்வதுபோலவே விட்டுவிட்டோம். இன்னும் தீராமல் நிற்பது ‘ஃப்ரீ ஸ்விம்மிங்’ ஒன்றுதான். வரைவில் ‘சுதந்திர நீச்சல்’ என்று இருக்கிறது. எனக்கு அது நிறைவாக இல்லை.

இந்த ஒரு சொல்லுக்கு ஏன் இவ்வளவு கவலை என்று கேட்கலாம். தண்ணீர் 27–28 டிகிரி செல்சியஸில் இருந்தால் முட்டை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பொரிந்துவிடும். பொரிந்த குஞ்சு உடனே நீந்தாது. வயிற்றில் கருவுணவுப் பையோடு, தலை மேலும் வால் கீழுமாக, ஆண் மீன் நீர்ப்பரப்பில் குமிழிகளால் கட்டிய கூட்டிலிருந்து செங்குத்தாகத் தொங்கும். இரண்டு மூன்று நாள் இப்படியே போகும். பை கரைந்து, காற்றுப்பை நிரம்பிய பிறகுதான் உடம்பு படுக்கைவாட்டுக்கு வந்து நீந்தத் தொடங்கும். இந்த நிலைதான் ‘ஃப்ரீ ஸ்விம்மிங்’. அப்போது இரண்டு வேலைகளைச் செய்தாக வேண்டும்: ஆண் மீனை எடுக்க வேண்டும், முதல் தீனியைப் போட வேண்டும்.

முந்தினால் கேடு. ஆணை முன்னதாகவே எடுத்துவிட்டால், கூட்டிலிருந்து நழுவி அடியில் விழும் குஞ்சுகளை வாயில் கவ்வி மேலே கொண்டுபோய் வைக்க ஆளில்லை. தீனியை முன்னதாகவே போட்டால், தின்ன முடியாத குஞ்சுகளுக்கு நடுவே அது அழுகும். பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் ஆழமே உள்ள தண்ணீரில் அம்மோனியா சட்டென்று ஏறும். பிந்தினாலும் கேடுதான். கருவுணவு தீர்ந்த குஞ்சு பட்டினியில் சாகும். காவல் காத்த ஆணே குஞ்சுகளைத் தின்னத் தொடங்கவும் கூடும்.

ஆகவே, தொட்டியில் எதைப் பார்க்க வேண்டும் என்பதைத் தானே காட்டிக்கொடுக்கும் சொல் வேண்டும். ‘சுதந்திரம்’ கண்ணுக்குத் தெரிகிற பொருளில்லையே.

மடல் 2

வணக்கம் ஐயா. ‘சுதந்திர நீச்சல்’ ஆங்கிலத்தைப் பிரதி எடுத்ததுதான், ஒப்புக்கொள்கிறேன். என் பரிந்துரைகள் மூன்று:

தன்னீச்சல் (தானாக நீந்துவது), விடுநீச்சல் (கூட்டை விட்டு நீந்துவது), கூடுநீங்கல்.

மூன்றில் எனக்குப் பிடித்தது கூடுநீங்கல். பறவைக் குஞ்சுக்கும் அதையே பயன்படுத்தலாம், ஒரே சொல் இரண்டு துறைக்கும் உதவும். குஞ்சு என்பதற்குப் பதிலாகப் ‘பார்ப்பு’ என்ற பழைய இளமைப்பெயரையும் மீட்கலாம் என்று தோன்றுகிறது.

மடல் 3

> மூன்றில் எனக்குப் பிடித்தது கூடுநீங்கல்.

அம்மா, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் பெட்டா விஷயத்தில் அது தவறான நேரத்தைக் காட்டிவிடும். தொங்கும் பருவத்திலேயே குஞ்சு கூட்டை நீங்கும். வால் துடிக்க மேல்நோக்கிச் சில விநாடி பாய்ந்து, மறுபடி தொங்கும். அல்லது அடியில் விழும். பெட்டாவின் முட்டையே தண்ணீரில் மூழ்கும் வகை. பெட்டாவின் உறவான குராமி மீன்கள் பலவற்றின் முட்டையில் எண்ணெய்த்துளி இருப்பதால் தானாக மிதக்கும். பெட்டாவுக்கு அந்த வசதி இல்லை. முட்டையிலிருந்து தொங்கும் குஞ்சு வரை எல்லாவற்றையும் பொறுக்கி மேலே சேர்ப்பதே ஆணின் வேலை. அடியில் கூழாங்கல், மணல் எதுவும் போடாதீர்கள் என்று கையேட்டில் சொல்வதும், இரவில் மங்கலான விளக்கு ஒன்று எரியட்டும் என்பதும் இதற்காகத்தான். விழுந்தது ஆணின் கண்ணில் பட வேண்டும். ‘கூடு நீங்கியதும் ஆணை எடு’ என்று படித்தவர், முதல் நாளே நான்கு குஞ்சு கீழே கிடப்பதைக் கண்டு ஆணைப் பிடித்துவிடுவார்.

விடுநீச்சலுக்கும் இதே மறுப்பு. தன்னீச்சல் என்றால், தொங்குகிற குஞ்சு பாய்வதும் தானாகச் செய்வதுதானே.

பிழையில்லாத அடையாளம் ஒன்றே ஒன்று: உடம்பு எந்த வாட்டில் இருக்கிறது என்பது. குத்துவாட்டில் இருந்த குஞ்சு கிடைவாட்டுக்கு வருகிறது. பக்கவாட்டுக் கண்ணாடி வழியே பார்த்தால் நேற்று நிமிர்த்தி வைத்த காற்புள்ளிகளாகத் தெரிந்தவை இன்று படுத்த கோடுகளாக நகரும். எனவே ‘கிடைநீச்சல்’. எதிர்ச்சொல் தேவைப்பட்டால் ‘குத்துநிலை’.

இதற்கு முந்தைய பருவத்தில் உள்ளதைத் ‘தொங்குகுஞ்சு’ என்போம். எழுத்துப்பிழை வராதிருக்க இப்போதே சொல்லிவிடுகிறேன்: இது வினைத்தொகை, தொங்குபாலம், சுடுசோறு போல. இடையில் ஒற்று மிகாது. ‘தொங்குக்குஞ்சு’ என்று எழுத வேண்டாம்.

பார்ப்பு பற்றி: பறவைக்கும் தவழ்வனவற்றுக்கும் மரபில் உரிய பெயர், மீட்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் தொட்டிக்கு முன்னால் நிற்பவர் ‘பார்ப்பு தொங்குகிறது’ என்று படித்தால் என்ன நினைப்பார்? குஞ்சே இருக்கட்டும்.

மடல் 4

கிடைநீச்சலுக்கு ஒரு தடை இருக்கிறது. நோயாளி எழுந்திராமல் படுத்திருப்பதைக் ‘கிடையாகக் கிடக்கிறார்’ என்கிறோம். பெட்டாவில் காற்றுப்பைக் கோளாறு வந்த மீன் ஒருபக்கமாகச் சாய்ந்து, மேல்மட்டத்திலோ அடியிலோ கிடக்கும். கிடைநீச்சல் என்றதும் ஒருவர் அந்த நோயை நினைக்க மாட்டாரா? வெறும் ‘நீச்சற்பருவம்’ என்றால் போதாதா?

இன்னொன்று. ஏஞ்சல் மீனின் குஞ்சு தொங்குவதில்லை. இலையிலோ கல்லிலோ ஒட்டிக்கொண்டு நெளியும். தொங்குகுஞ்சு என்பது எல்லா மீனுக்கும் பொருந்தாது. ‘நெளிகுஞ்சு’ எப்படி?

மடல் 5

தடை நியாயமானது. இருந்தாலும் நோயுற்ற மீனுக்கு நேர்வது வேறு வகைச் சாய்வு. அதன் முதுகு மேலே இராது, விலா மேலே இருக்கும். அதைப் ‘பக்கச்சாய்வு’ என்று தனியாகவே பட்டியலில் ஏற்றிவிடலாம். கிடை என்பது பள்ளிக் கணக்கில் குத்துக்கு எதிராகப் படித்த சொல். கிடைமட்டம், கிடைக்கோடு என்று எல்லாரிடமும் பழகியிருக்கிறது. குத்துநிலையையும் கிடைநீச்சலையும் அடுத்தடுத்து வைத்து விளக்கினால் குழப்பம் வராது. நீச்சற்பருவம் என்றால் எப்படி நீந்தும் பருவம் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

நெளிகுஞ்சை ஏற்பதில் எனக்குத் தயக்கம், காரணம் தொடக்கநிலையாளர் ‘நெளிவதை’ நீந்துவதாக எடுத்துக்கொள்வார். எல்லா மீனுக்கும் பொதுச்சொல்லாகக் ‘கருவுணவுக் குஞ்சு’ இருக்கட்டும், அதில் பெட்டாவுக்கு மட்டும் தொங்குகுஞ்சு என்று வைப்போம். ஏஞ்சல் குஞ்சும் கருவுணவு தீர்ந்ததும் படுக்கைவாட்டில்தான் நீந்துகிறது, ஆகையால் கிடைநீச்சல் இரண்டுக்கும் பொது.

பட்டியலில் வேறு இரண்டு சொற்களையும் திருத்த வேண்டும்.

‘நுரைக்கூடு’ என்று எழுதியிருக்கிறீர்கள். மரத்தவளைகள் சில, சுரப்பைக் காலால் கடைந்து நுரையாக்கிக் கட்டுவதுதான் நுரைக்கூடு. பெட்டா ஆண் மேலே வந்து காற்றை வாங்கி, வாய்ச் சளி பூசிய குமிழிகளை ஒவ்வொன்றாக உமிழ்ந்து அடுக்குகிறது. ‘குமிழிக்கூடு’ என்பதே சரி. வேறுபாடு நடைமுறையிலும் உதவும்: குமிழி தனித்தனியாக உடைவது. ஃபில்டர் வேகமாக ஓடி மேல்நீர் அலைந்தால் கூடு சிதறும். மூடி இல்லாமல் நீருக்கு மேலுள்ள காற்று வறண்டாலும் உடையும். அதனால்தான் பாதியாக வெட்டிய தெர்மாக்கோல் கப்பையோ ஒரு நாட்டு வாதுமை இலையையோ மிதக்கவிட்டு அதன்கீழ்க் கூடு கட்ட விடுகிறோம், தொட்டியையும் இறுக்கமாக மூடுகிறோம்.

அடுத்தது, இணை சேர்க்கும் முன் இரண்டு மீனுக்கும் ஒன்றிரண்டு வாரம் சத்தான தீனி கொடுப்பது. வரைவில் ‘பதப்படுத்தல்’! தோலைப் பதப்படுத்தலாம், ஊறுகாயைப் பதப்படுத்தலாம். ‘சினையூட்டல்’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அது மாட்டுக்குச் சினை ஊசி போடுவதை நினைவூட்டுகிறது. ‘முன்னூட்டம்’ போதும். நாளுக்கு இரண்டு மூன்று வேளை, சிறிதுசிறிதாக, டாஃப்னியா (நீர்த்தெள்ளு), ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் சிறு ஓட்டுயிரி), கொசுப்புழு போன்ற உயிர்த்தீனி. பெண்ணின் வயிறு உருண்டு, அடியில் முட்டைக்குழாய் வெள்ளைப் புள்ளியாகத் துருத்தினால் முன்னூட்டம் பலித்தது என்று பொருள். உடம்பில் குத்துவரிகள் தெரிந்தால் இணைய இணங்குகிறாள். நெடுக்கு வரிகள் என்றால் மிரண்டிருக்கிறாள். அந்த நிலையில் விட்டால் ஆண் துடுப்பைக் கிழித்துவிடும். அடி வெட்டிய தெளிவான பாட்டிலுக்குள் பெண்ணை ஒருநாள் வைத்து, இருவரும் பார்த்துக்கொண்ட பிறகு திறந்துவிடும் வழக்கம் அதனால்தான்.

மடல் 6

கிடைநீச்சலுக்கு என் ஒப்புதல். முதல் தீனிப் பகுதியிலுள்ள சொற்களில் மட்டும் கவனம் தேவை.

ஆர்ட்டீமியாவை ‘உப்புநீர் இறால்’ என்று மொழிபெயர்க்க வேண்டாம். படித்தவர் இறால் தேடிப் போவார். கடையில் கேட்க வேண்டிய பெயர் ஆர்ட்டீமியாதான். அதுபோல இன்ஃபுசோரியாவைப் ‘பச்சைத் தண்ணீர்’ என்று எழுதியிருக்கிறார்கள், அது பாசி மிகுந்த நீர். இன்ஃபுசோரியா பரமேசியம் போன்ற நுண்ணுயிரிகள் பெருகிய நீர். ஒரு ஜாடியில் பழைய தொட்டித் தண்ணீரை எடுத்து, ஒரு துண்டு கீரையோ காய்ந்த இலையோ போட்டு வைத்தால் முதலில் கலங்கி நாறும்; அது பாக்டீரியா. ஐந்தாறு நாளில் தெளிந்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வெண்துகள்கள் அசையும். அப்போதுதான் தீனிக்கு ஆகும். கலங்கிய நிலையிலேயே ஊற்றினால் அழுகல் நீரைத்தான் தொட்டியில் சேர்க்கிறோம்.

ஆர்ட்டீமியா பொரிக்க: 1 லிட்டர் தண்ணீர், 25 கிராம் உப்பு, 1 முதல் 2 கிராம் முட்டை, 28 டிகிரி, அடியிலிருந்து பலமான காற்று, மேலே விளக்கு. ஏறத்தாழ 24 மணி நேரத்தில் பொரியும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடுகள் மேலே மிதக்கும், குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கித் திரளும். அவற்றை மட்டும் உறிஞ்சி, நல்ல நீரில் அலசிப் போட வேண்டும். பொரிந்தது ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்; மிகச் சிறிய மீன்குஞ்சின் வாய்க்கு அது பெரிதாகலாம். கிடைநீச்சல் தொடங்கிய முதல் இரண்டு மூன்று நாள் இன்ஃபுசோரியா அல்லது வினிகர் புழு (வினிகரில் வளரும் நுண்ணிய உருளைப்புழு), பிறகு ஆர்ட்டீமியா என்று போவது பாதுகாப்பு. வினிகர் புழு நாட்கணக்கில் உயிரோடு நடுநீரில் நெளிந்துகொண்டிருக்கும். அதே வகையில் இன்னொரு நுண்புழுவான மைக்ரோ புழுவோ அடியில் படிந்து, தின்னாதது செத்து நீரைக் கெடுக்கும். கிடைநீச்சலில் இருக்கும் குஞ்சு எதிரே அசைவதைத்தான் கவ்வும். தின்றதா என்று அறிய, ஆர்ட்டீமியா போட்டபின் குஞ்சின் வயிறு ஆரஞ்சாகத் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லி ஒரு வரி சேருங்கள்.

மடல் 7

எல்லார் கருத்தையும் சேர்த்து இப்படி எழுதியிருக்கிறேன்:

கிடைநீச்சல் (பெயர்ச்சொல்): பொரிந்து மூன்றாம் நாள், கருவுணவு தீர்ந்த குஞ்சு குத்துநிலை மாறி, முதுகு மேலிருக்கப் படுக்கைவாட்டில் இடைவிடாது நீந்தும் நிலை. பெரும்பாலான குஞ்சுகள் இந்நிலைக்கு வந்ததும் ஆணை எடுத்து, முதல் தீனியைத் தொடங்குக.

மடல் 8

ஐயா, ‘பொரிந்து மூன்றாம் நாள்’ என்பதை மட்டும் நீக்கிவிடுங்கள். ஹீட்டர் 28-இல் நிற்கும் தொட்டிக்குப் பெரும்பாலும் அது பொருந்தும். 25-க்கு இறங்கிய தொட்டியில் பொரிப்பதும் தாமதம், கருவுணவு கரைவதும் தாமதம். நாளை எண்ணுகிறவர் மூன்றாம் நாள் காலையில் வலையை எடுப்பார், குஞ்சுகள் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும். ‘பெரும்பாலான’ என்பது நல்ல சேர்க்கை, அதை விட்டுவிட வேண்டாம். பல மணி நேரம் இணைந்து இட்ட முட்டைகளில் முதலும் கடைசியும் சில மணி நேர இடைவெளியில்தான் கிடைக்கு வரும். முதலில் படுத்த இரண்டை வைத்து ஆணை எடுத்தால், மீதியைத் தூக்கிவைக்க யாருமில்லை.