அவசரம்: சீன விண்டோஸில் இன்ஸ்டாலர் எழுத்தெல்லாம் குப்பை

லேத்துக்காரன்: நாளைக்குள் அனுப்பியாக வேண்டும். இன்னோ செட்டப் என்ற கருவியில் செய்த இன்ஸ்டாலர் (மென்பொருளை நிறுவும் நிரல்) இங்கே ஆங்கிலத்தில் நன்றாக ஓடுகிறது. வாடிக்கையாளரின் சீன விண்டோஸில் பொத்தான், செய்தி எல்லாம் குப்பை. சீன மொழிக் கோப்பைச் சேர்த்துத்தான் கம்பைல் செய்தேன்.

முருங்கை: எந்த விண்டோஸ்? இன்னோ எந்தப் பதிப்பு? கேள்விக்குறி வருகிறதா, தவறான சீன எழுத்து வருகிறதா?

சுக்குகாப்பி: எழுத்துருதான். சிம்சுன் என்ற சீன எழுத்துருவைப் போடுங்கள். எனக்கு எப்போதும் அதுதான் காரணம்.

பைட்பாண்டியன்: எல்லா மொழி எழுத்தையும் ஒரே முறையில் கையாளும் யூனிகோட் இன்னோ வந்து எத்தனை காலம்! இன்னும் மொழிக்கொரு அட்டவணை பார்க்கும் பழைய ஏஎன்எஸ்ஐயில் உருட்டினால் இதுதான் கதி. உதவிக் கோப்பைப் படித்துவிட்டு வாருங்கள், தம்பி.

லேத்துக்காரன்: விண்டோஸ் 98. சிஎன்சி எந்திரத்தோடு (கணினி இயக்கும் உலோக வேலை எந்திரம்) வந்த பிசி, மாற்ற விடமாட்டார்கள். இன்னோ 5.4.3 ஏஎன்எஸ்ஐ. சீன எழுத்துதான் வருகிறது, அவருக்கே புரியவில்லையாம்.

முருங்கை: 98 என்பதை முதலிலேயே சொல்வதற்கென்ன? பாண்டியன் சார், யூனிகோட் இன்ஸ்டாலர் 98இல் திறக்கவே திறக்காது. 5.5.0இலிருந்து ஏஎன்எஸ்ஐயும் 98ஐக் கைவிட்டாயிற்று. 5.4.3 சரியான தேர்வு.

பைட்பாண்டியன்: மைக்ரோசாப்டே 2006இல் 98க்கு ஆதரவை நிறுத்திவிட்டது. நீங்கள் இப்படிச் செய்துகொடுத்துக்கொண்டே இருந்தால் அவர்கள் எப்போது மாறுவார்கள்?

சுக்குகாப்பி: எந்திரத்தின் ஐஎஸ்ஏ கார்டுக்கு, அதாவது பிசிக்குள் செருகிய அந்தப் பழைய அட்டைக்கு, புது டிரைவர் நீங்கள் எழுதித் தருகிறீர்களா?

பைட்பாண்டியன்: எழுதுவேன், காசு கொடுத்தால்.

முருங்கை: சண்டை அப்புறம். வாடிக்கையாளர் எந்த ஊர்?

லேத்துக்காரன்: தைவான், தைச்சுங்.

முருங்கை: அதுதான் சங்கதி. அங்கே மரபுச் சீனம், கோட்பேஜ் (எந்த பைட் எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணை) 950, அதாவது பிக்5. நீங்கள் சேர்த்தது எளிய சீனக் கோப்பாக இருக்கும், அதன் கோட்பேஜ் 936. அந்த பைட்டுகளை 98 பிக்5 என்று நினைத்துப் படிக்கிறது. மரபுச் சீனத்துக்கான ஐஎஸ்எல் கோப்பை (இன்னோவின் மொழிக் கோப்பு) எடுங்கள். அதில் மொழி எண் 0404, கோட்பேஜ் 950 என்று இருக்க வேண்டும். நோட்பேடில் திறந்து யூனிகோட் வடிவமான யூடிஎஃப்-8ஆகச் சேமித்துவிடாதீர்கள். கோப்புறைக்குச் சீனப் பெயர் வேண்டாம்: பிக்5இல் சில எழுத்துகளின் இரண்டாம் பைட் 5சி, அதுவேதான் பாதையில் கோப்புறைகளைப் பிரிக்கும் பின்சாய்கோடு. பாதை நடுவில் உடையும்.

சுக்குகாப்பி: தைவான் என்றால் சிம்சுன் இல்லை, மிங்லியு. எழுத்துரு என்று நான் சொன்னது தப்பில்லை.

பைட்பாண்டியன்: தப்புதான்.

லேத்துக்காரன்: 950 போட்டேன், எழுத்து சரியாகிவிட்டது. நன்றி. டெஸ்க்டாப்பில் ஷார்ட்கட் மட்டும் வரவில்லை.

முருங்கை: பாதையைக் கையால் எழுதினீர்களா, டெஸ்க்டாப் பாதையைத் தானே தரும் இன்னோவின் யூசர்டெஸ்க்டாப் மாறிலியா? ஸ்கிரிப்டில் அந்த வரியைப் போடுங்கள்.

முருங்கை: லேத்துக்காரன்?

சுக்குகாப்பி: அனுப்பிவிட்டார் போல.