குடும்பமா, இல்லமா, குடித்தனமா?

அன்புடையீர்,

ஊட்டச்சத்து ஆய்வறிக்கைகளின் முதல் அட்டவணைக்கு "வளரிளம் பருவத்தினரைக் கொண்ட குடும்பங்களின் மக்கள்தொகைப் பண்புகள்" என்று தலைப்பிடுகிறோம். ஒவ்வொரு சொல்லும் இடறுகிறது.

குடும்பம் என்பது உறவு. ஆய்வுக்கு வேண்டியவர்களோ ஓர் அடுப்பில் சமைத்து உண்பவர்கள். உறவில்லாத வேலையாளும் இதில் சேரலாம். தனியே சமைத்துக்கொள்ளும் அண்ணன் அதே கூரையின் கீழ் இருந்தாலும் சேரமாட்டார். "இல்லம்" என்றால் விடுதியும் காப்பகமும் நினைவுக்கு வரும், அவைதான் இந்தக் கணக்கில் வராதவை. "தனிக்குடித்தனம் போய்விட்டார்கள்" என்றாலோ உலை பிரிந்தது எல்லோருக்கும் புரிகிறது. ஆகவே குடித்தனம்.

வளரிளம் பருவத்தினருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வயது வரம்பு 10 முதல் 19 வரை. "பதின்பருவத்தினர்" அதற்கு அப்படியே பொருந்தும். "பதின்மர்" வேண்டாம், அது பத்துப் பேர். மக்கள்தொகை என்பது எண்ணிக்கையோடு நின்றுவிடுவதால் "மக்களியல்".

முன்மொழிவு: பதின்பருவத்தினர் உள்ள குடித்தனங்களின் மக்களியல் பண்புகள்.

* * *

ஐயா,

குடித்தனம் அட்டவணைக்குச் சரி, களத்துக்கு ஆகாது. "இந்த வீட்டில் எத்தனை குடித்தனம்?" என்றால் வாடகைக்கு இருப்பவர்களை மட்டும் எண்ணிச் சொல்வார்கள். வினாத்தாளில் "எத்தனை அடுப்பில் தனித்தனியாகச் சமைக்கிறீர்கள்?" என்றே இருக்கட்டும்.

"பதின்பருவப் பிள்ளைகள்" என்று யாரும் சுருக்கிவிடவும் வேண்டாம். மணமாகி வந்த 18 வயது மருமகளும் இதில் அடக்கம்.

சொல்லைவிடப் பெரிய சிக்கல், தலைப்பு எதை எண்ணுகிறது என்பது. பதின்பருவத்தினர் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி என்றுள்ள ஆள்வாரிக் கோப்பில், அவர்கள் இருவர் உள்ள குடித்தனம் இருமுறை வரும். அப்படியே சராசரி எடுத்தால் குடித்தன அளவு கூடித் தெரியும். குடித்தனத்தின் அடையாள எண்ணை வைத்து, குடித்தனத்துக்கு ஒரு வரியாகச் சுருக்கிய பிறகே இந்தத் தலைப்பு செல்லும். வயதும் பாலினமும் ஆள்வாரி அட்டவணைக்குப் போகட்டும்.

சார்பு விகிதத்தை, அதாவது உழைக்கும் வயதினரைச் சார்ந்திருப்போரின் விகிதத்தை, அட்டவணையில் சேர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: 0–14 வயதினரையும் 65-ம் அதற்கு மேலும் ஆனோரையும் 15–64 வயதினரால் வகுக்கும் கணக்கு நம் வயது வரம்பை நடுவே வெட்டுகிறது. பள்ளிக்குப் போகும் பையனுக்கு 15 நிறைந்ததுமே குடித்தனத்தின் சுமை குறைந்ததாகக் காட்டும். தட்டில் விழும் சோறு என்னவோ அதேதான்.

கடைசியாக, வருமானமும் தொழிலும் மக்களியல் அல்ல. அந்த வரிசைகளை எடுத்துவிடுங்கள். இல்லையேல் தலைப்பில் "சமூகப் பொருளாதார, மக்களியல் பண்புகள்" என்று போடுங்கள்.